பாணி வாசம் அடித்த கார்

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கிழமை, ஹாலிஎலயில் ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் என் கராஜில் தொடங்கிய கதை இது. இருபது வருடமாக இன்ஜின் கழற்றிப் பூட்டுகிறவன் நான். மெக்கானிக்குக்கு இங்கே பாஸ் என்றுதான் பேர். பாஸ் கை வைத்தால் வண்டி ஓடாமல் இருக்காது என்று பதுளை டவுனே பேசுகிறது என நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

என் தங்கச்சிக்குப் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபேக்டரியில் வேலை. அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க வைக்கும் அறை அவளுடைய பொறுப்பு. பச்சை வாசம் போய்ப் பழ வாசம் ஏறும் நேரத்தை மூக்கால் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் சரி என்று தலையாட்டினால்தான் கொழுந்து காயவைக்கும் மெஷினுக்குப் போகும். அவளுக்கு வெலிமடையில் மரக்கறி வியாபாரம் செய்யும் பையனோடு கல்யாணம் முடிவாகி, பதுளை சர்ச்சில் சனிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர் என் பழைய வாடிக்கைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு நீல நிற டர்போ கார் இருக்கிறது. மற்ற வண்டிகள் மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அது உறுமிக்கொண்டு ஏறும். ஃபேக்டரிக்குக் கீழே அது போகும்போதெல்லாம் தங்கச்சி ஜன்னலுக்கு ஓடுவாளாம். கல்யாணத்தன்று அந்தக் காரில்தான் சர்ச்சுக்குப் போய் இறங்குவேன் என்று ஒரே பிடிவாதம். நானாவிடம் கேட்டேன், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு தரம் ஏறிப் பார்க்கட்டும் என்று நானாவே காரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நான் முன்னால், அவள் பின்னால். பாதி ஏற்றத்தில் மூக்கைச் சுருக்கினாள்.

"அண்ணே, சீனிப் பாணி அடுப்புல பொங்கி வழிஞ்ச மாதிரி ஒரு வாசம் வருது."

"கல்யாணப் பொண்ணுக்குப் பலகார நெனப்பு," என்று நான் சிரித்தேன். நானாவும் சிரித்தார். அவள் ஜன்னலைத் திறந்துகொண்டாள்.

அன்று திரும்பி வரும்போது ஹாலிஎலயை நெருங்குவதற்குள் சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. இன்ஜினை ஆறவிட்டுத் திறந்து பார்த்தால் இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் பாதிதான் இருந்தது. காரை என்னிடமே விட்டுவிட்டுப் போனார் நானா.

"பாஸ், ஒங்கட தங்கச்சிட கல்யாணத்துக்குத் தாரன்னு சொன்னா சொன்னதுதான். அதுக்குள்ள சரிவருமா, அத மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு நாள் வேல நானா," என்றேன். அந்த இரண்டு நாள் ஒரு கிழமையாக நீண்டது.

முதல் வேலையாக மிச்சமிருந்த கூலன்ட்டை வடித்துவிட்டேன். தேடும்போது வீணாகப் போகக்கூடாது என்று, கராஜுக்குப் பின்னால் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணியை நிரப்பினேன். எங்கள் மலைக்காரர்களுக்குப் பீலித் தண்ணி என்றால் ஒரு தனிக் கர்வம். பிள்ளைக்கும் அதுதான், ரேடியேட்டருக்கும் அதுதான். பிறகு ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், பெரிய ஹோஸ்களை மாற்றினேன், காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். அழுத்தம் குறையவே இல்லை. அடியில் விரித்த கடதாசியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் ஓட்டிவிட்டு வந்தால் தண்ணி மட்டும் குறைந்திருக்கும்.

அப்போதுதான் ஒரு காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகையைப் பார்த்தேன். இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய், தண்ணி உள்ளுக்குள் எரிகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். தை மாதக் குளிரில் நம் வாயிலிருந்தே புகை வரும்போது காருக்கு வராதா என்று யோசிக்கவில்லை. ஆயில் சுத்தமாக இருந்ததையும் கணக்கில் எடுக்கவில்லை. அவசரமும் கர்வமும் சேர்ந்தால் கண் இருந்தும் தெரியாது போலிருக்கிறது.

ஹெட்டைக் கழற்றினால் சனிக்கிழமைக்குள் பூட்ட முடியாது. தங்கச்சி முகம் மனதில் வந்துவந்து போனது. வியாழக்கிழமை காலை, வேறு வழியில்லை என்று முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். போன் அடித்தது. அவள்தான்.

"அண்ணே, கார் என்னாச்சு?"

"இன்ஜின் பிரிக்கணும்மா. வேன் ஒன்னு பாத்துருக்கேன். கோவிச்சுக்காத."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தப் பாணி வாசம் இன்னும் வருதா?"

"இல்லையே."

"வந்த வாசம் எங்க போச்சு? ஃபேக்டரியில வாசம் மாறுனா, யாரோ என்னாத்தையோ மாத்திட்டாங்கன்னு அர்த்தம். நீங்க என்னா மாத்துனீங்க?"

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கூலன்ட்டுக்குத்தான் இனிப்பு வாசம் உண்டு. கசிந்து காய்ந்தால் பச்சைத் தடமும் விடும். அதைக் கொட்டிவிட்டு, வாசமும் இல்லாத நிறமும் இல்லாத பீலித் தண்ணியை ஊற்றி, இருந்த ஒரே தடயத்தையும் நானே கழுவி விட்டிருக்கிறேன். இருபது வருட பாஸ்.

தண்ணியை வடித்துப் புதுக் கூலன்ட் ஊற்றினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு பானட்டைத் தூக்கி முகர்ந்தேன். எனக்குத்தான் தின்னரும் பெட்ரோலும் ஏறி மூக்கு செத்துப்போய்ப் பல காலமாகிறதே, ஒரு மண்ணும் தெரியவில்லை. தங்கச்சியைக் கூப்பிடலாம் என்றால் முதல் நாள்தான் நலுங்கு வைத்திருந்தார்கள். நலுங்கு வைத்த பெண் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. சரி, மூக்கு வராவிட்டால் கார் போகட்டும் என்று பசறை ரோட்டில் ஏறினேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால், எங்கள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பின் கட்டையை உரசுகிற மாதிரி காரைப் பக்கவாட்டில் நிறுத்தினேன். வாசலைத் தாண்டாமல் இஸ்தோப்பில் நின்றே அவள் குனிந்து பார்க்கலாம். ஆனால் கல்யாண வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டி, இன்னொரு பக்கம் நிஜமாகவே பாணி கொதிக்கிறது.

"எல்லா அடுப்பையும் அணைங்க," என்றாள் தங்கச்சி.

"இது என்னாடி கூத்து, பணியாரம் பாதியில நிக்குது," என்று அம்மா சத்தம் போட்டாள்.

"அணைங்கம்மா. சட்டிய மூடுங்க. யாரும் விசிறாதீங்க."

ஃபேக்டரிக் குரல் அது. அத்தைமார் எல்லோரும் கரண்டியோடு அப்படியே நின்றார்கள். முகத்தில் மஞ்சளும் கையில் மருதாணியுமாக அவள் இன்ஜின் பக்கம் குனிந்து கண்ணை மூடினாள். முன்னால் ஒரு மூச்சு, நடுவில் ஒரு மூச்சு. பின்பக்க மூலைக்குப் போனதும் நின்றாள்.

"இங்கதான். இதுக்கு அடியில."

அவள் காட்டிய இடத்தில் சூடு தடுக்கும் தகடு ஒன்று இருந்தது. அவளுடைய பவுடர் கண்ணாடியையே வாங்கி உள்ளே நீட்டி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். டர்போவைக் குளிர வைக்கப் போகும் சுண்டுவிரல் பருமன் ரப்பர் ஹோஸ். அதில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதைச் சுற்றிப் பச்சையாகப் புதுத் தடம். இன்ஜின் சூடேறினால்தான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். விழும் சொட்டு நேராகக் கொதிக்கிற டர்போவில் பட்டு ஆவியாகிவிடும். தரைக்கு வந்தால்தானே கடதாசி நனைவதற்கு.

"கெடச்சிருச்சு," என்றேன். தங்கச்சி ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. "இப்ப அடுப்ப மூட்டுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தைமார் சிரித்த சிரிப்பு கடைசி லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

சூடு தாங்கும் அந்த ஹோஸ் பதுளையில் கிடைக்கவில்லை. போனில் சொன்னதும் கொழும்புக் கடைக்காரர் இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கண்டக்டர் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினேன். பகலுக்குள் பூட்டி, காரின் மூக்கை மேட்டில் ஏற்றி உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றி, பசறை ரோட்டில் இரண்டு தடவை விரட்டினேன். முள் நடுவில் நின்றது நின்றதுதான். எனக்குப் பாட்டுப் பாட வராது. அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் பாடினேன்.

சனிக்கிழமை நானாவே காரை ஓட்டினார். சர்ச் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கூடி நிற்க, அந்த உறுமல் சத்தத்தோடு கார் வந்து நின்றது. தங்கச்சி வெள்ளைப் பட்டுச் சேலையில் இறங்கினாள். எல்லோரும் அவள் மாப்பிள்ளை பக்கம் போவாள் என்று பார்த்தால், பூச்செண்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு நேராகக் காரின் முன்பக்கம் போய்ப் பானட் ஓரத்தில் குனிந்தாள். முக்காடு நழுவ, கண்ணை மூடி ஒரு நீள மூச்சு இழுத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடி, கொழுந்துக்குத் தலையாட்டுகிற அதே மாதிரி ஒரு தலையாட்டல்.

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் விழித்தார். நானா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். "பாஸ், கராஜ் ஒங்கட, மூக்கு தங்கச்சிட," என்றார். நான் சிரித்தேன், கண்ணும் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

இப்போது எந்த வண்டி வந்தாலும், பானட்டைத் தொடும் முன் அதில் வந்தவர்களிடம் என்ன சத்தம் கேட்டது, என்ன வாசம் வந்தது என்று உட்கார வைத்துக் கேட்கிறேன். அவர்கள் எவ்வளவு விசித்திரமாகச் சொன்னாலும் சிரிப்பதில்லை. தங்கச்சி வெலிமடையில் சந்தோஷமாக இருக்கிறாள். கூலன்ட் கேனைத் திறக்கும்போது, சர்ச் வாசலில் பட்டுச் சேலையோடு குனிந்து நின்று என் வேலைக்குச் சரி சொன்ன அந்தத் தலையாட்டல்தான் இன்றும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது, இருபது வருடத்தில் நான் வாங்கிய பெரிய பாராட்டு அது.