குடை பிடித்த மெக்கானிக்

நாங்கள் ஓட்டும் பந்தயத் தொடரைப் புதுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது என்ற செய்தி வந்த அன்று, எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் மெக்கானிக் அண்ணன் என் வண்டியின் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். போனில் வந்ததை வாசித்துக் காட்டினேன்.

"நல்லதுதான் பாப்பா. பெரிய கம்பெனின்னா டயராவது நேரத்துக்கு வரும்" என்றார்.

நான் எட்டு வருடமாகப் பெண்கள் பிரிவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஊழியர். மெக்கானிக் அண்ணனோ பக்கத்து வளையமாதேவி ஊர்க்காரர், நிலம் சுரங்கத்துக்குப் போனபின் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர். நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்து, உருளைகளின் சத்தத்தைக் கேட்டே எது பழுதாகப்போகிறது என்று சொல்வதுதான் அவர் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் ஷெட்டுக்கு வந்துவிடுவார். எட்டு வருடமும் என் என்ஜினை வேறு யாரும் தொட்டதில்லை. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

புது நிர்வாகம் வீராங்கனைகள் எல்லோரையும் சென்னையில் ஒரு ஹோட்டலுக்கு வரச் சொன்னது. மெக்கானிக்குகள் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள். உள்ளே யாரும் எங்கள் ஓட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வெள்ளைத் துணி முன்னால் ஒவ்வொருத்தியாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்களில் மூத்தவர், இரண்டு குழந்தைகளின் தாய், என்னை எத்தனையோ முறை தோற்கடித்தவர். அவர் முறை வந்ததும் கேமராக்காரர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

கம்பெனி மேலாளர் எழுந்துகூட நிற்கவில்லை. "மேடம், உங்க ரெக்கார்டு எல்லாம் ஓகே. ஆனா இந்த முகத்த போஸ்டர்ல போட்டா யாரு பாக்கப் போறாங்க? நீங்க கிளம்பலாம்."

அந்த அக்கா ஹெல்மெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அடுத்தது என் முறை. நான் தலைமுடியைச் சரி செய்துகொண்டேன்.

என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டி அவர்களுடையது, வேறு யாரும் பிரிக்காதபடி என்ஜினுக்கு அவர்களே சீல் வைப்பார்கள், மெக்கானிக்கும் அவர்கள் ஆள் என்றார்கள். எனக்கென்று ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று சொன்னேன். மேலாளர் கண்ணாடிக் கதவு வழியாக, வாசலில் நின்ற அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"வரட்டும். ஸ்டார்ட்டிங்ல உங்களுக்குக் குடை பிடிக்க ஒரு ஆள் வேணும்ல? சுரங்கத் தொழிலாளி குடை பிடிக்கறார்னு போட்டா நல்லாவே போகும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வெளியே வந்து அவரிடம் அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னேன்.

"சரி பாப்பா. பக்கத்துல நின்னுகினு இருந்தா போதும்" என்றார்.

முதல் பந்தயத்துக்குக் கம்பெனி அவருக்கு மஞ்சள் சுரங்கத் தொப்பி ஒன்றைத் தந்தது. நெஞ்சிலும் கன்னத்திலும் கரியைப் பூசிவிட்டார்கள். சுரங்கத்தில்கூட அப்படிக் கரியோடு நான் அவரைப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகுமுன் தேய்த்துக் குளித்துவிடுவார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், படத்துக்காக.

புறப்படும் கோட்டில் வண்டியை உறுமவிட்டேன். குடை என் தலைக்கு மேலிருந்து விலகியது. அவர் குனிந்து என்ஜின் பக்கம் காதை வைத்திருந்தார்.

"பாப்பா, உள்ள ஒரு தட்டல் கேக்குது. இந்த என்ஜின் தாங்காது. எறங்கிடு."

கேமரா எங்கள் மேல் இருந்தது. மேலாளர் கம்பிக்கு அப்பால் நின்று கையை ஆட்டினார்.

"உங்களுக்குக் குடுத்த வேலைய மட்டும் பாருங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் குடையை மறுபடி நேராகப் பிடித்தார். பிறகு தணிந்த குரலில், "கிளட்ச்ல வெரல வச்சிகினே ஓட்டு" என்றார்.

அவர் சொன்னபடியே விரலை வைத்திருந்தேன். நான்காவது சுற்றில் என்ஜின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததும் சக்கரம் விடுபட, வண்டி என்னைத் தூக்கி எறியாமல் சறுக்கிப் போனது. காரை எலும்பு மட்டும் உடைந்தது. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் உயிரோடிருப்பது அந்த விரலால்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மேலாளர் ஒரு தாளோடு வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. என்ஜினில் குறை எதுவும் இல்லை என்றும், அனுமதி இல்லாத ஒருவர் புறப்படும் நேரத்தில் வீராங்கனையைப் பயமுறுத்திக் கவனத்தைக் குலைத்ததே விபத்துக்குக் காரணம் என்றும் அதில் இருந்தது.

"கையெழுத்துப் போட்டா எலும்பு கூடுற வரைக்கும் உங்க இடம் காலியாவே இருக்கும். இல்லன்னா நாளைக்கே வேற ஒருத்தி" என்றார்.

தாளை முழுக்க இரண்டு தடவை படித்தேன். வலது கை கட்டுப்போட்டிருந்ததால் இடது கையால் கோணலாகக் கையெழுத்திட்டேன்.

அண்ணன் எந்தப் பந்தயத் தடத்துக்குள்ளும் நுழையக் கூடாது என்று அறிவித்தார்கள். அந்தத் தாளை எல்லா அணிகளுக்கும் அனுப்பி, நெட்டிலும் போட்டார்கள். என் இடத்தில் அடுத்த பந்தயத்திலேயே வேறொரு பெண் ஓட்டினாள். அவளுடைய போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது. மேலாளர் அதன்பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

கட்டுப் பிரித்ததும் சுரங்க வாசலுக்குப் போய், ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்கு நடுவே அவருக்காகக் காத்திருந்தேன். வந்தார். என் தோளைப் பார்த்தார்.

"கை தூக்க முடியுதா?"

"முடியுது அண்ணே." அழுகை வந்தது. "அண்ணே, அந்தத் தாளு..."

"படிச்சிட்டுதான் போட்டியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். "என் பொண்ணு அத போன்ல படிச்சிது. அப்பா, அந்த அக்காவ நீ கொல்லவா பாத்தன்னு கேட்டுது. நான் என்னா சொல்றது, சொல்லு."

ஊருக்குப் போகும் பஸ் வந்தது. அவர் கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

இப்போது நான் வடலூரில் ஒரு வண்டி ஷோரூமில் வேலை பார்க்கிறேன். அவர் ஒரு தடவை வண்டிக்குச் செயின் வாங்க வந்தார். கவுண்டரில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் வாசற்படியிலிருந்தே திரும்பி, செயினை அந்த ஊரிலேயே வாங்கிக்கொள்பவர் போலப் பண்ருட்டி பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.