ஃபிலோமினா மேடத்தின் ‘தெரியாது’ பலகை

பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கலில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். ஈர மண்ணை உருட்டிப் பார்த்து அது என்ன மண் என்று கண்டுபிடிக்கும் பகுதி. எல்லார் கையிலும் சேறு. என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. பக்கத்திலிருந்த ஆசிரியை கையைக் கழுவிக்கொண்டு வந்து அதை எடுத்து என் காதில் வைத்தார். பேசியது டாக்டர் ஃபிலோமினாவின் தங்கை. “அக்கா காலைல போயிட்டாங்க சந்தானம். அடக்கம் நாளைக்கு” என்றார். “சரி” என்றேன். ஃபோனைப் பிடித்திருந்த ஆசிரியை, “யாரு சார் அவங்க?” என்று கேட்டார். ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபிலோமினா மேடம் பூச்சியியல் விஞ்ஞானி. பெங்களூர் பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். தொண்ணூற்றொன்றில் நான் மண்ணியல் பிரிவில் சேர்ந்தபோது, பல்கலைக்கழகத்தின் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் ஏற்கெனவே பெரிய பெயர். எங்கள் இருவரையும் சேர்த்து, ‘பொதுமக்களுக்கான சொற்பொழிவுகளை இனி நீங்கள் பாருங்கள்’ என்று இயக்குநர் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை வீட்டில் படுத்திருக்க வேண்டிய மனுஷன் நான். மேடமோ, கல்யாண வேலை கிடைத்ததுபோல் இறங்கிவிட்டார். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு எழுதி, சிவாஜிநகர் காய்கறிக் கடைகள் வரைக்கும் ஒட்டச் சொன்னார்.

முதல் சொற்பொழிவை அவரே நிகழ்த்தினார். தலைப்பு கரையான். மழைக்காலத்தில் புற்றிலிருந்து பறந்து வரும் ஈசலும் கரையான்தான் என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு. ஈஜிபுராவிலிருந்து வந்திருந்த கோவிந்தம்மா என்ற பெண் எழுந்தார். கார்மெண்ட்ஸில் துணி தைக்கிறவர். “மேடம், மழை நேத்தும் பேஞ்சுது, முந்தாநாளும் பேஞ்சுது. ஆனா ஈசல் ஏதோ ஒரு சாயங்காலம்தான் வருது. வந்தா எங்க ஏரியாலயும் வருது, அக்கா வீட்டு ஏரியாலயும் வருது. ஒரு புத்துக்கும் இன்னொரு புத்துக்கும் யாரு சேதி சொல்றாங்க?” என்று கேட்டார்.

மேடம் ஈரப்பதம் என்றார், காற்றழுத்தம் என்றார், உயிர்க்கடிகாரம் என்றார். கடகடவென்று கொட்டினார். கோவிந்தம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தபின் மேடம் என்னிடம், “நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?” என்றார்.

“புரிஞ்சுது மேடம்.”

“எனக்குப் புரியல. ஒரே நாள் ஏன்னுதானே அந்தம்மா கேட்டாங்க? நான் வேற எதுக்கோ பதில் சொல்லிட்டேன்.”

அதோடு விட்டிருந்தால் அவர் ஃபிலோமினா மேடம் இல்லை. அடுத்த சொற்பொழிவுக்குக் கோவிந்தம்மா வரவில்லை. அப்போது நான் ஈஜிபுராவில்தான் வாடகைக்கு இருந்தேன். அதனால் அவர் வீட்டைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு வந்தது. சந்து சந்தாக விசாரித்து ஒருவழியாகக் கண்டுபிடித்தோம். வாசலில் நின்றுகொண்டே மேடம், “அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்” என்றார்.

கோவிந்தம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இத்த சொல்லவா ஆட்டோ புடிச்சி வந்தீங்க? தெரியாதுன்னு அப்பவே சொல்லியிருந்தா நான் என்ன கோச்சிக்கப் போறேனா?” என்று சிரித்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து வறுத்த ஈசலைப் பொரியோடு கலந்து கொடுத்தார். மேடம் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்த பூச்சியை அன்றுதான் முதன்முதலாகத் தின்று பார்த்ததாகச் சொன்னார். நான் பொரியை மட்டும் பொறுக்கித் தின்றேன்.

மறுவாரமே அரங்கத்துக்கு வெளியே ஒரு கரும்பலகை வந்தது. தலைப்பில் ‘தெரியாது’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. சொற்பொழிவாளரால் பதில் சொல்ல முடியாத கேள்வி அதில் ஏறும். அதே மேடையில் யாராவது சரியான பதில் சொன்னால்தான் அழியும். கோவிந்தம்மாவின் ஈசல் கேள்வியை மேடமே தன் கையால் மேலே முதலாவதாக எழுதினார்.

பேச வந்த பெரிய மனிதர்கள் சிலருக்கு ஆரம்பத்தில் முகம் சுருங்கியது. “நம்ம பேச்சுல எதுவும் பலகைக்குப் போகாது” என்று மார்தட்டிக்கொண்டு ஏறிய ஒருவர், பால் பொங்குவதைப் பற்றிப் பேசப் போய், தயிர் உறைவதில் மாட்டிக்கொண்டார். நாளடைவில் கதை தலைகீழானது. “என் பேச்சுல இருந்து எதுவும் ஏறலியா?” என்று பேச்சாளர்களே கேட்க ஆரம்பித்தார்கள். வந்த ஜனங்களும் உள்ளே போகுமுன் பலகை முன்னால் நின்றுவிட்டுத்தான் போவார்கள். புறா எப்படி வழி கண்டுபிடிக்கிறது, ஒருவர் கொட்டாவி விட்டால் இன்னொருவருக்கு ஏன் வருகிறது என்றெல்லாம் அங்கேயே சண்டை நடக்கும். சனிக்கிழமைத் தூக்கம் போய்விட்டதே என்ற கவலையை நானும் எப்போதோ மறந்துவிட்டேன்.

இந்தச் சொற்பொழிவுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம் வந்துகொண்டிருந்தது. அதை நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. மானியம் போனால் அரங்கம் போகும். வெளியாட்களைக் கட்டடத்துக்குள் விடுவதும் நின்றுபோகும். இயக்குநர் மேடத்தைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

“ஃபிலோமினா, அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் அந்த போர்டைக் கழட்டி வைங்க. தெரியாதுன்னு எழுதி மாட்டிவச்ச இடத்துக்கு எவன் காசு குடுப்பான்?”

“கழட்டலாம் சார். ஆனா கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“கேக்க மாட்டாங்க.”

பலகையைச் சுமந்துபோக ஆட்கள் வந்தார்கள். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பலகையை அங்கேயே சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குழு வந்தது. ஒரு பலகை முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கினால் யார்தான் கேட்காமல் போவார்கள்? குழுத் தலைவர் நின்றார். “இது என்ன?” என்றார்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். மேடம் போய்ப் பலகையைத் திருப்பி மாட்டினார். தலைவர் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

“இவ்வளவும் தெரியாம இங்க என்னதான் செய்றீங்க?”

“இதைத்தான் சார் செய்றோம்” என்றார் மேடம்.

மானியம் நின்றது. அரங்கம், கட்டணம் வாங்கிக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்கிறவர்களுக்குப் போனது. பெங்களூரில் அப்போது தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. “ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா மேடம்? இத்தனை வருஷ உழைப்பு” என்று கத்தினேன்.

“இருந்திருக்கலாம்” என்றார். அவருக்குக் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். “ஆனா சந்தானம், கோவிந்தம்மா கிட்ட போய் சொன்னதை இவங்க கிட்ட மறைச்சா, அன்னிக்கு போனதுக்கு என்ன அர்த்தம்?”

பலகை சைக்கிள் ஷெட்டுக்குப் போனது. சொற்பொழிவும் அங்கேயே போனது. மைக் கிடையாது, நாற்காலி கிடையாது. யார் வரப்போகிறார்கள் என்ற பயம் என்னைவிட மேடத்துக்குத்தான் அதிகம். முதல் சனிக்கிழமை வாசலுக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கோவிந்தம்மா பக்கத்து வீட்டாரையும் இழுத்துக்கொண்டு வந்து, “இங்கதான் காத்தோட்டமா கீது” என்று சொல்லிச் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே கூட்டம் வந்தது. நடுவில் மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரையில் பேச்சு கேட்காமல் போனது. மழை விடும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் மேடம் அந்த ஷெட்டுக்கு வந்தார்.

போன ஆண்டு அவருக்கு நோய் கண்டது. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் “கவலைப்படாதீங்க” என்றார்கள். மேடத்துக்கு அந்தப் பதில் பேஜாராக இருந்தது. கடைசியாக வந்த இளம் டாக்டரிடமும் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பெண் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு, “எனக்குத் தெரியல மேடம்” என்றார்.

மேடத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. “உக்காரும்மா” என்று கட்டிலைத் தட்டிக் காட்டினார். “உன்கிட்டதான் வைத்தியம் பாத்துக்கப் போறேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “சந்தானம், நான் போனதும் எவனாவது வந்து ஈசலுக்கு ஒரு கதை அளப்பான். கேட்டுட்டு அழிச்சிடாதீங்க” என்றார்.

பிரேசர் டவுன் தேவாலயத்தில் பூசை முடிந்து, அவரை அடக்கம் செய்துவிட்டு, எங்களில் சிலர் சைக்கிள் ஷெட்டுக்குப் போனோம். ஏன் போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று நாளாகவே மழை. அன்று சாயங்காலம் வானம் வெளுத்திருந்தது. டியூப் லைட்டைப் போட்டதும் ஈசல் வந்தது. கொஞ்சமாக வந்து, பிறகு கூட்டமாக வந்து, பலகையின் மேலெல்லாம் மொய்த்தது. மேடத்தின் கையெழுத்தின் மேல் இறகு உதிர்ந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

கோவிந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

“இன்னுமா சார் தெரில?”

“இன்னும் தெரியலம்மா.”

“அழிக்காதீங்க” என்றார். சுவரில் ஒட்டியிருந்த ஒரு ஈசலை மெதுவாகத் தட்டிவிட்டார்.

அழிக்கவில்லை மேடம். சனிக்கிழமை சொற்பொழிவு உண்டு. நிம்மதியாகத் தூங்குங்கள்.