அண்ணனுக்கு வாங்கிய கப்பல் கக்கூஸ்

தூத்துக்குடியில் அண்ணன் ஓட்டிய விசைப்படகில் கக்கூஸ் கிடையாது. ஓரத்தில் குந்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனால் சரியாகக் குந்த முடியவில்லை. அதைச் சொன்னதற்குப் படகில் எல்லாரும் சிரித்தார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். பூண்டி பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், கப்பலை உடைத்து வந்த பொருட்களுக்கு நடுவே, கையால் பம்ப் அடிக்கும் சின்னக் கக்கூஸ் ஒன்று கிடந்தது.

"பனியன் ஊர்ல இது எதுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"எங்கண்ணனுக்கு" என்றேன்.

பீங்கான் உடையாமல் இருக்கப் பனியன் வேஸ்டைச் சுற்றிக் கட்டினேன்.

"லாரில போட்டா உடச்சிருவானுவ. கிறிஸ்மஸ் லீவுக்கு நீயே கொண்டாந்துரு" என்றான் அண்ணன் போனில். சரியென்று வைத்திருந்தேன்.

லீவு விடுவதற்குள், ஒரு விடியற்காலையில் படகோரத்தில் குந்தியவன் கால் மடங்கிக் கடலில் விழுந்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

கட்டியதைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். படகில் மாட்டிக்கொண்டார்கள். இப்போது எல்லாரும் அதில்தான் உட்காருகிறார்கள்.

"ரொம்ப வசதியா இருக்கு தங்கச்சி" என்றார், அன்றைக்கு அதிகம் சிரித்தவர்.