மௌஸ் என் கையில் இருந்தது

புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரிக்கும்போது வரும் தெர்மோகோல் வாசனையும், ஏசியின் குளிரும், இரண்டையும் மீறி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும் தோல் வாடையும் சேர்ந்ததுதான் எனக்கு ஒன்பதாம் வகுப்பு. ஆம்பூரை ஒட்டிய எங்கள் ஊர் அரசுப் பள்ளியில், சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, டைல்ஸ் போட்டு, ஒரு ஷூ கம்பெனி பத்துக் கம்ப்யூட்டர்களை வைத்துக் கொடுத்திருந்தது. எங்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்தக் கம்பெனியிலோ அதைப் போன்ற வேறொன்றிலோ வெளிநாட்டுக்காரர்களுக்கு ஷூ செய்துகொண்டிருந்தார்கள். நாங்களோ ரப்பர் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி விட்டுவிட்டு, சில்லென்ற டைல்ஸில் வெறுங்காலோடு உள்ளே போனோம். தூசி போனால் மிஷின் "பேஜார்" பண்ணும் என்று எங்களுக்குச் சொல்லித்தரக் கம்பெனி அனுப்பிய பிரேம் அண்ணன் சொல்லியிருந்தார்.

இருபது பிள்ளைகள், மிஷினுக்கு இரண்டு பேர். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பிரேம் அண்ணன் கை தட்டி "கை மாத்து" என்பார். அப்போது மௌஸ் பக்கத்தில் இருப்பவருக்குப் போக வேண்டும். அதுதான் சட்டம். என் பக்கத்தில் இருந்தவள் ரெஜினா. நான் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்பவள், அடுத்தது என்ன என்று பறப்பவள். கை மாத்து என்ற குரல் கேட்டதும் "தோ, இத மட்டும் முடிச்சிட்டுத் தரேன்டி" என்று சொல்வேன், முடிப்பதற்குள் இன்னொன்றைத் திறந்திருப்பேன். அவள் சண்டை போட்டதில்லை. "நீ டிரைவர், நான் கண்டக்டர்" என்பாள். நான் எதையாவது அழுத்தும்போது "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்து என்னைச் சிரிக்க வைப்பாள். பார்த்துப் பார்த்தே அவளுக்கும் எல்லாம் வந்துவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அல்லது அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ரெஜினாவின் அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை, அடிப்பாகத்தைப் பசை தடவி ஒட்டுவது. சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, விரல் நுனியில் காய்ந்த பசையைத் தோல் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே பேசுவார். கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றி நான் பெருமை அடித்துக்கொண்டிருந்த ஒருநாள், "பாத்துக்கினே இருந்தா எந்த வேலையும் வராது பாப்பா. கைல ஒட்டணும்" என்றார். நான் தலையாட்டினேன். அது யாரைப் பற்றிய பேச்சு என்று எனக்கு உறைக்கவில்லை.

வருடக் கடைசியில் பரீட்சை வைத்தார்கள். அதிக மார்க் எடுக்கும் இரண்டு பேருக்குக் கோடை விடுமுறையில் கம்பெனி ஆபீசிலேயே பயிற்சி. நன்றாகச் செய்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு கம்ப்யூட்டர் குரூப் படிக்கக் கம்பெனியே உதவும். ரெஜினாவுக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் விரல்களைக் காட்டி, "எனக்கு இது வேணாம் வளரு" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் முதலில் எழுதி முடித்தேன். பிறகு அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் அழுத்தினாள். பத்து நிமிடம்தான் பாக்கி. எனக்குப் பொறுக்கவில்லை.

"குடுடி, டைம் ஆவுது."

"நானே பண்றேன்டி. கம்மியா வந்தா வரட்டும்."

அவள் விரல்களைத் தள்ளிவிட்டு மௌஸை வாங்கி, அவள் பரீட்சையையும் நானே செய்து முடித்தேன். பிரேம் அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாரும் பாஸ் என்று காட்ட வேண்டிய அவசரம் அவருக்கு. எனக்குத் தொண்ணூற்று நான்கு, ரெஜினாவுக்குத் தொண்ணூற்று ஆறு. "உன்னவிட ரெண்டு மார்க்கு ஜாஸ்திடி" என்று அவள் சிரித்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல். அவள் அம்மா சான்றிதழை லேமினேட் செய்து, ஏசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

கம்பெனி ஆபீசில் ஆளுக்கு ஒரு மிஷின். முதல் நாளே ஒரு மேடம் வந்து, பத்துப் பெயர்களை அட்டவணை போட்டு சேவ் செய்யச் சொன்னார். ரெஜினா மௌஸைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. "என்னம்மா, தொண்ணூத்தாறு வாங்கின பொண்ணு நீதானே?" என்று மேடம் மெதுவாகத்தான் கேட்டார், திட்டவில்லை. ரெஜினா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் திரையைப் பார்த்தேன். ஒரே பெயரை மூன்று முறை அடித்திருந்தேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அவள் உள்ளேயே இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் அம்மா பசையை உரித்துக்கொண்டே கேட்டார்: "தனக்கு வராதுங்கிறா பாப்பா. தொண்ணூத்தாறு எடுத்தவளுக்கு எப்டி வராமப் போவும்? நீ பக்கத்துலயே இருந்தவ, நீ சொல்லு."

"தெரியல ஆண்ட்டி" என்றேன்.

பதினொன்றாம் வகுப்பில் நான் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. பிளஸ் டூ முடித்ததும் ஷூ கம்பெனிக்குப் போனாள். தையலில் அவள் கை வேகம் என்று ஊரில் சொல்வார்கள். வேகமான கைதான் அது. அந்தக் கைக்கு ஒரு கால் மணி நேரம்கூட நான் மௌஸைக் கொடுத்ததில்லை.

போன மாதம், சென்னையில் நான் வேலை செய்யும் நிறுவனத்தின் சார்பில், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தர அதே பள்ளிக்குப் போயிருந்தேன். அந்த அறையில் இப்போது மேசைக் கம்ப்யூட்டர்கள் இல்லை, மௌஸ் இல்லை; பிள்ளைக்கு ஒரு டேப்லெட். வாசலில் செருப்பு வரிசையும் இல்லை, போட்டுக்கொண்டே போகிறார்கள். கை மாத்து என்று சொல்ல யாருக்கும் வேலை இல்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ரெஜினா நின்றிருந்தாள், கம்பெனி நீலக் கோட்டோடு, இரண்டாம் ஷிப்டுக்கு.

"இன்னாடி, கம்ப்யூட்டர் சொல்லித்தர வந்துக்கிறியாமே. நல்லா சொல்லிக் குடு. என்னமாரி மண்டைல ஏறாததுங்க இருந்தா வுட்டுடாத."

பத்து வருடத்துக்கு மேல் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "உனக்கு ஏறலன்னு இல்ல ரெஜி. நான் உன் கைல குடுக்கவே இல்ல" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். கம்பெனி பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"இத எங்கம்மா கேட்டப்ப சொல்லிருக்கலாம்ல?"

அன்று ஆபீசில் செய்ததுபோலவே அவளிடமிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டேன். இந்த முறை பார்ப்பதற்கு ஒரு திரைகூட இல்லை.