நாடகக் கை ஜாக்கெட்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், அப்போது இருந்தது ஒரே ஒரு டிவி. அது அத்தை வீட்டில். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்த மாமாவுக்கு ஒருமுறை ஒரு கல் கைகொடுத்தது. அந்தக் கல்தான் கறுப்பு வெள்ளை டிவியாகவும் அத்தைக்கு ஒரு தையல் மெஷினாகவும் மாறி லயத்துக்கு வந்து சேர்ந்தது. கரண்ட் இல்லாத லயம். டிவி ஓடியது கார் பேட்டரியில். அதற்குச் சார்ஜ் ஏற்ற கொடகவெல டவுனுக்கு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். கண்டக்டர் பேட்டரிக்கும் டிக்கட் கேட்பார்.

அந்த வருஷம் வாரம் ஒருமுறை ஒரு சிங்கள நாடகம் போட்டார்கள். கொழும்பில் ஒரு ஏழைப் பெண் உடுப்பு டிசைன் செய்து பெரிய ஆளாகிற கதை. எங்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. மீதிப் பேருக்கு அவள் அழுவதும் சிரிப்பதும் புரிந்தால் போதும். எல்லோருடைய கண்ணும் அவள் போடுகிற ஜாக்கெட்டின் கை மேல்தான். தோளில் நன்றாக உப்பி, முழங்கைக்கு மேலே இறுகி, அங்கே துணியிலேயே ஒரு முடிச்சு. அத்தை அதைப் பார்த்துப் பார்த்தே தைக்கக் கற்றுக்கொண்டாள். 'நாடகக் கை' என்று பேரும் வைத்தாள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள்கூட உப்பிய கையோடு மலையேறினார்கள். "இன்னைக்குக் கொழுந்த நிறுக்கிறதா, கைய நிறுக்கிறதா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம்.

அக்காவுக்குக் கித்துல்கலப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது அந்தச் சமயத்தில்தான். பரிசம் போட்ட அன்று, கூறைச் சேலைக்கான ஜாக்கெட் துணியை மாப்பிள்ளையின் அம்மா தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த அம்மா அன்று முழுக்க ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அக்கா அந்த முகத்தைப் பார்த்தே பயந்துபோனாள். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அத்தையிடம் போய் நாடகக் கை கேட்டாள். அத்தை துணியை வெட்டி, கையையும் தைத்து முடித்துவிட்டாள்.

அதே வாரம் நாடகத்தில் இடி விழுந்தது. கூட்டாளி ஏமாற்றினான், கடை போனது, போலீஸ் வந்தது. கடைசியில் அவளுடைய மாமியாரே அவள் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்து கதவைச் சாத்தினாள். அவள் கொட்டுகிற மழையில் நின்றாள், அதே உப்பிய கையோடு. "அனே, பாவம்" என்று லயமே உச்சுக்கொட்டியது. அம்மா மட்டும் எழுந்துவிட்டாள்.

"அந்தக் கையப் போட்டுக்கிட்டுத்தான் அவ வீட்டவிட்டு வெளிய போனா. அதையே போட்டுக்கிட்டு எம்புள்ள ஒரு வீட்டுக்குள்ள போறதா?"

அவ்வளவுதான், தோட்டம் முழுக்க அந்தக் கை ராசியில்லாத கையாகிவிட்டது. வெட்டிய துணியை ஒட்டவா முடியும்? அதே துணி கேட்டு அத்தை டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினாள், கிடைக்கவில்லை. அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். "அந்தம்மா என்னையும் அப்புடித்தான் வெரட்டும்" என்று என்னிடம் சொல்லி அழுதாள். நாடகம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் நாடகத்துப் பெண் தலையெடுத்துவிட்டால் தோஷம் கழியும் என்று அத்தை ஒரு கணக்குப் போட்டாள். அம்மா நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய் அவள் பேரில் தேங்காய் உடைத்தாள். நாடகத்துக்காரிக்கு நேர்ந்துகொண்ட தோட்டம் இந்த நாட்டில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பூசாரி, "என்ன நட்சத்திரம்?" என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை.

கடைசி வாரம் அத்தை வீட்டில் கால் வைக்க இடமில்லை. கலியாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் பெருமை காட்ட, மத்தியானத்திலிருந்தே அத்தை டிவியைப் போட்டு வைத்திருந்தாள். நாடகத்தில் அவள் கோர்ட் படியேறினாள். படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. பேட்டரி செத்துவிட்டது. மாமா அத்தையைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கலியாணத்தன்று காலையில் சம்பந்தியம்மா கூறைச் சேலையோடு வந்தார். சேலை கட்டுகிற அறையில் ஜாக்கெட்டை விரித்து அந்தக் கையைப் பார்த்தார். அத்தைக்கு வாயில் எதுவும் நிற்காது. கை, மழை, எறிந்த பெட்டி, செத்த பேட்டரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா அதே சிரிக்காத முகத்தோடு கடைசிவரை கேட்டார்.

"அதுதான் முடிஞ்சிருச்சே. நாங்க பாத்தோம்."

"என்னங்க ஆச்சு அவளுக்கு?" என்றாள் அம்மா.

"கேஸு தள்ளுபடி. ரத்னபுரி கோர்ட்டுல."

கொழும்புக் கதைக்கு ரத்னபுரி கோர்ட் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அதைக் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

"அந்த மாமியா?" என்றாள் அக்கா.

"அவளுக்கும் புத்தி வந்துருச்சும்மா. அவளே போய் மருமகளக் கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டா" என்று சொல்லி, சம்பந்தியம்மா தானே அக்காவுக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, கை முடிச்சுகளை நீவிச் சரிசெய்தார்.

அக்காவும் அத்தானும் முதல் விருந்துக்கு வந்தபோது அத்தைதான் முந்திக்கொண்டாள். அந்தக் கடைசி நாள் கதையை ஒன்றுவிடாமல் கேட்டு வந்தாளா என்று அக்காவைக் குடைந்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அங்க டிவியே இல்ல அத்த. அந்த லயத்துல யாரு வீட்டுலயும் இல்ல."

அத்தை வாயைப் பிளந்தாள். "அப்ப அந்தக் கேஸு?"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, புரையேறிவிட்டது. டிவி இல்லாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அத்தை புலம்பத் தொடங்கினாள். அம்மா அக்காவின் தலையைத் தட்டிக் கொடுத்தாள். அம்மாவின் கண் நிறைந்திருந்தது.

"நல்ல எடத்துலதான் குடுத்திருக்கோம்" என்று சொல்லி, அக்காவின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.