அப்பாவின் ஆராதனையும் என் வைஃபையும்

என் அப்பா அந்த டேப்லெட்டுக்கு முன்னால் சட்டை போடாமல் உட்கார மாட்டார். காலைப் பூசைக்குக் குளித்து, வேட்டி சட்டையில் தயாராகி, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வீட்டுக்குள் மெல்ல நடப்பாரே தவிர, அவரால் படி இறங்க முடியவில்லை. நாங்கள் இருப்பதோ திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாம் மாடி. பங்குக் கோயில் நாலு தெரு தள்ளித்தான் என்றாலும், கோயிலின் நேரலைதான் இப்போது அவருக்குக் கோயில்.

பூசையோடு விட்டால் பரவாயில்லை. அதன் பிறகு நாள் முழுக்க நற்கருணை ஆராதனை ஓடும். இயேசுவின் உடலாக வணங்கும் அப்பமான நற்கருணையை வெளியே எடுத்து வைத்துவிட்டால் அதற்கு முன்னால் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது வழக்கம். கோயிலில் முறை போட்டு மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். நடமாடிய காலத்தில் அப்பாவும் முறை தவறாமல் போனவர். இப்போது வீட்டுக்குள்ளேயே முழு நாள் முறை எடுத்துக்கொண்டார். "அணைச்சு வைங்கப்பா, பொறவு பாத்துக்கலாம்" என்றால், "சாமி மூஞ்சியில கதவச் சாத்தச் சொல்றியா?" என்பார்.

எனக்கு அங்கேதான் வினை. நான் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை பார்க்கிறேன். அப்பாவின் நேரலை ஓடும்போதெல்லாம் என் பேச்சு நடுவில் அறுந்து அறுந்து போனது. இப்படியே போனால் சென்னை அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டும் என்றார் மேலதிகாரி. நான் சென்னைக்குப் போனால் அப்பாவுக்கு யார் சோறு போடுவது? கடைக்குப் போய் மருந்து வாங்கி வர யார் இருக்கிறார்கள்?

புது ரவுட்டர் வாங்கினேன். மாட்ட வந்தவர் சித்தையன்கோட்டைக்காரர், நிதானமான மனிதர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டேப்லெட்டைக் கையில் எடுத்துச் சிரித்தார்.

"இதுதான் வில்லன்க்கா. பத்து வருசத்துப் பழசு. இது மெதுவாத்தான் பேசும். இது பேசி முடிக்கிற வரைக்கும் ஒங்க லேப்டாப்பு வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும்."

புது அலைவரிசைக்கு என் லேப்டாப்பை மாற்றிப் பார்த்தார். அது இரண்டு சுவரைத் தாண்டி என் அறைக்கு வருவதற்குள் சோர்ந்துவிட்டது. கம்பி இழுக்கலாம் என்றால், கம்பெனி லேப்டாப்பில் அதைச் செருக ஓட்டை கிடையாது, வெளிச் சாமான் எதையும் அதில் மாட்டவும் கூடாதாம். அப்பாவுக்குப் புது டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுக் குடுத்தது இது. ஓடுறதத் தூக்கிப் போடுவாகளா?" என்றார்.

போகும்போது அந்த மனிதர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். பழைய கருவிகளை உள்ளே விடாதபடி ரவுட்டரில் ஒரு அமைப்பு இருக்கிறது, என் போனிலிருந்தே மாற்றலாம். "ரொம்ப அவசரம்னா மட்டும் செய்யுங்க" என்றார்.

அந்த அவசரமும் ஒரு நாள் வந்தது. அன்று பத்து மணியிலிருந்து நாலு மணி வரை என் பேச்சு ஒவ்வொன்றையும் மேலதிகாரி கேட்பார், அதை வைத்துத்தான் நான் ஊரிலேயே இருக்கலாமா என்று முடிவு செய்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னால் சண்டை வரும். படம் வராவிட்டால் எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார் என்று நானே நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்தேன். ஒன்பதரைக்கு அந்த அமைப்பை மாற்றிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு பேச்சுகூட அறவில்லை. நாலு மணிக்கு மேலதிகாரி, "நீங்க அங்கேயே இருந்து வேலை பாருங்க" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல ஓடினேன்.

சாப்பாடு வைத்தது வைத்தபடி இருந்தது. மெழுகுவர்த்திகள் கரைந்து தட்டோடு ஒட்டியிருந்தன. கறுத்துக் கிடந்த திரைக்கு முன்னால், காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில், கை கூப்பியபடி அப்பா இருந்தார். என்னைப் பார்த்ததும் மெல்லிய குரலில் கேட்டார்.

"ஆத்தா, சாமியார் ஆராதனைய முடிச்சுட்டாரா, இல்ல நம்ம வீட்டுலதான் படம் போச்சா? முடிச்சுட்டாருன்னா சொல்லு, எந்திரிக்கிறேன்."

முடிந்துவிட்டது என்றால் பொய். நான்தான் நிறுத்தினேன் என்றால் இந்த ஆறரை மணி நேரத்தை அவர் என்ன செய்வார்? தட்டில் ஒட்டிய மெழுகை நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். அப்பா நாற்காலியின் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"அப்ப இன்னும் முடியலபோல. நீ கொஞ்சம் இங்கன உக்காரு தாயி. சாமியத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் காலையில இருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன்."