இரண்டாவது பள்ளி வேண்டாம் என்றவன்

எங்கள் சுபாமே ஊரில் கரண்டிக்கு மெருகேற்றும் பட்டறைகள் தெருவுக்கு நாலு உண்டு. ஆனால் தொகுஜியின் பட்டறைக் கரண்டி என்றால் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். நடுநிலைப் பள்ளி முடிந்த மறுவாரமே அடுத்தவர் பட்டறையில் மெருகுச் சக்கரத்தின் முன் வந்து நின்றவன் அவன். பிறகு யாரிடமும் கைநீட்டாமல் சொந்தப் பட்டறை, வீடு, சின்ன லாரி எல்லாம் சேர்த்தான். அதை அவனே ஊரெல்லாம் சொல்லுவான். சொல்லிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு.

அவனுடைய ஒரே மகள் சுமியே மேல்நிலைப் பள்ளியில் சேர நுழைவுப் பரீட்சை எழுதவேண்டிய வருஷம் வந்தது. எந்தப் பள்ளிக்கு எழுதுவது என்று முடிவு செய்ய, டிசம்பரில் மகளும் தகப்பனும் வகுப்பாசிரியர் ஹிராசவாவின் எதிரே உட்கார்ந்தார்கள்.

"நீங்க கேக்குற அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கே எழுதட்டும், நான் வேணாம்னு சொல்லல" என்றார் ஆசிரியர். "ஆனா அரசாங்கப் பள்ளி ஒண்ணுக்குத்தான் எழுத முடியும். கூடவே ஒரு தனியார் பள்ளிக்கும் எழுதி வச்சிருங்க. தவறினா அங்க போயிரலாம்."

"தவறினாவா? பரீட்சையே இன்னும் வரல. அதுக்குள்ள எம் பொண்ணு விழுற எடத்துல பாய் விரிக்கிறீங்களா சார்?"

"எல்லாரும் செய்றதுதாங்க."

"எல்லாரும் செய்றதையே நானும் செஞ்சிருந்தா, இன்னும் அடுத்தவன் பட்டறையில தூசி தின்னுக்கிட்டு இருப்பேன்."

சுமியே மெதுவாக, "அப்பா, எழுதி வச்சுக்கிறேனே" என்றாள்.

"பயமா? எம் பொண்ணா நீ?"

 ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

மார்ச்சில் பள்ளி வாசல் பலகையில் தேறியவர்களின் எண்களை ஒட்டினார்கள். சுமியே மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே பார்த்தாள். அவளுடைய எண் இல்லை. பக்கத்தில் தோழிகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவள் உருகும் பனிச்சேற்றில் நின்று அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வீடு வந்தாள்.

மாலைநேர மேல்நிலை வகுப்பில் இன்னும் இடம் இருப்பதாக ஹிராசவா சொல்லி அனுப்பினார். தன் மகள் இருட்டில் பஸ் ஏறுவதா என்று தொகுஜி அதையும் தட்டிவிட்டான். "அடுத்த வருஷம் எழுதிக்கலாம். அதுவரைக்கும் பட்டறையில இரு."

ஏப்ரலில் அவளோடு படித்தவர்கள் புதுச் சீருடையில் பட்டறையைத் தாண்டிச் சைக்கிளில் போனார்கள். சுமியே முகமூடி கட்டியும் மெருகுத் தூசியில் முகம் கறுத்துப்போனாள். வீட்டில் பேச்சும் குறைந்தது.

மறுபடி குளிர்காலம் வந்தபோது தொகுஜி தானே போய் இரண்டு பள்ளிகளின் விண்ணப்பங்களையும் வாங்கிவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான்.

"ரெண்டுக்கும் எழுதும்மா."

"போன வருஷம் நான் கேட்டேன்ப்பா."

"இப்ப நாந்தான் சொல்றேனே."

"இப்ப எங்கூடப் படிக்கப் போறது யாரு? எனக்கு ஒரு வகுப்பு கீழ இருந்து, வாலிபால்ல எனக்குப் பந்து பொறுக்கிப் போட்ட பிள்ளைங்க. அக்கா, அக்கான்னு குனிஞ்சு வணங்கினதுங்க. அதுங்களுக்கு நடுவுல நான் போய் உட்காரணுமா?"

தாய் இகுகோ குறுக்கே வந்தாள். "ஒரு வருஷம்தானேடி."

"நம்ம பட்டறையில ஒரு வருஷம் பிந்தி வந்தவரு, முந்தி வந்தவரை இன்னும் அண்ணன்னுதானே கூப்பிடுறாரு? தலை நரைச்சும் மாறலையே. அந்தச் சட்டம் யாரு போட்டது? அப்பாதானே?"

தொகுஜி சூப்புக் கிண்ணத்தைத் தூக்கினான், குடிக்காமலே வைத்தான்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளன்றும் சக்கரம் ஓடியது. அவன் கதவருகே லாரிச் சாவியோடு நின்று, "சுமி, இப்ப கிளம்பினாலும் போயிரலாம்" என்றான். சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டான். வேலையாட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. அடுத்த கரண்டியை எடுத்துச் சக்கரத்தில் வைத்தாள்.